அடிப்புள்ளிக்கு எழுத்து ஆகாது

நெடுங்கால வாசிப்பு அளவீட்டு வாரியத்தின் வேலை, நாட்டுப் பிள்ளைகள் எவ்வளவு நன்றாக வாசிக்கிறார்கள் என்று அளப்பது. வாசிக்கக் கற்றுத் தருவது அதன் வேலை அல்ல. காய்ச்சல் பார்க்கிற கருவியிடம் போய் மாத்திரை கேட்பீர்களா என்று வாரியத் தலைவர் மேடைக்கு மேடை கேட்பார். கூட்டம் கைதட்டும். எங்கே கைதட்ட வேண்டும் என்று தெரிந்துவைத்திருப்பது வாரியத்தில் பதவி உயர்வுக்கு ஒரு தகுதி.

கட்டடத்துக்கு நான்கு மாடி. முதல் மாடியில் எட்டு வயதுப் பிரிவு, இரண்டாவதில் பன்னிரண்டு, மூன்றாவதில் பதினாறு. நான்காவதில் தலைவரும் கோடும் இருந்தார்கள். கோடு என்பது சுவரின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை ஓடும் வரைபடம். அரை நூற்றாண்டாகப் பிள்ளைகளின் வாசிப்பு ஏறி இறங்கிய கதை முழுதும் அதில் இருந்தது. ஏற்றம் ஒரு முழம்தான். மீதி அத்தனையும் இறக்கம். இறங்கி இறங்கிக் கோடு தரையைத் தொட்டுவிட்டபோது, தரையை உடைத்து மேற்கொண்டு வரைந்தார்கள். மூன்றாம் மாடிக்காரர்கள் வேலை பார்த்துக்கொண்டிருக்கையில் கூரையிலிருந்து ஒரு சிவப்புக் கோடு தலைக்கு மேல் தொங்க ஆரம்பித்தது. உயரமானவர்கள் குனிந்து நடந்தார்கள்.

பிரிவு அதிகாரிகளை அங்கே யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எட்டு சாருக்கு வயது ஐம்பத்தெட்டு. பன்னிரண்டு மேடத்துக்கு மருமகன் வந்துவிட்டார். பதினாறு சாருக்குப் பேரன் பேத்தி உண்டு. இவர்களை ஏற்றி இறக்குவதுதான் நம் லிஃப்ட்காரரின் உத்தியோகம். இழுப்புக் கதவைச் சாத்துவார், பித்தளைப் பிடியைத் திருப்புவார், முக்காலியில் உட்காருவார். மற்றபடி காது மட்டும் திறந்திருக்கும்.

"பன்னிரண்டுலயே ஒழுங்கா வந்திருந்தா எங்ககிட்ட ஏன் இப்படி வந்து நிக்குதுங்க" என்பார் பதினாறு சார், மூன்றாம் மாடியில் ஏறும்போது.

"எட்டுலருந்தே அப்படித்தான் அனுப்பறாங்க" என்பார் பன்னிரண்டு மேடம், இரண்டாம் மாடியில் ஏறி.

"வீட்லருந்தே அப்படித்தான் வருதுங்க, நாங்க என்ன செய்ய" என்பார் எட்டு சார், முதல் மாடியில்.

லிஃப்ட் இறங்க இறங்கப் பழியும் ஒரு மாடி இறங்கும். தரைத் தளத்தில் கதவு திறந்ததும் மூன்று பேரும் காருக்குப் போய்விடுவார்கள். பழியோடு உள்ளே மிச்சம் இருப்பவர் லிஃப்ட்காரர் ஒருவர்தான். அவருக்கு எட்டு வயதில் ஒரு மகள் வேறு இருந்தாள்.

மகளைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் தேர்வைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். மாற்றத்தை அளக்க வேண்டுமானால் அளவுகோல் மாறக்கூடாது என்பது வாரியத்தின் தாரக மந்திரம். ஆகவே முதல் ஆண்டு கொடுத்த அதே பத்தி, அதே கேள்விகள்தான் இன்றுவரை. பென்சில்கூட அதே பென்சில். அதைச் செய்த கம்பெனி இழுத்து மூடியதும் வாரியமே ஒரு பென்சில் ஆலையை நடத்தத் தொடங்கியது. பெஞ்சும் அதே உயரம். இந்தக் காலத்துப் பிள்ளைகள் நெடுநெடுவென்று வளர்ந்துவிட்டதால் அவர்களை மடக்கி உள்ளே செருக நான்கு பேர் இருந்தார்கள். முதல் தேர்வன்று கண்காணிப்பாளர் ஒருவர் தேர்வின் நடுவில் தும்மியதாகக் குறிப்பு இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு கூடத்திலும் அதே நிமிடத்தில் தும்முவதற்கென்று ஓர் அரசுப் பணியாளர், மூக்குப்பொடிப் படியுடன்.

அந்தப் பத்தியில் என்ன எழுதியிருக்கிறது என்று வாரியத்தில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தால் வெளியே கசிந்துவிடும் அல்லவா. நான்காம் மாடி இரும்பு அறையில் அது இருந்தது. அதை அச்சகத்துக்கு எடுத்துப் போகிறவர் கண்ணைக் கட்டிக்கொண்டுதான் போக வேண்டும். தேர்வு எழுதிய பிள்ளைகள் சொல்லிவிட மாட்டார்களா என்றால், அவர்களைக் கேட்டால் ஒன்றும் புரியவில்லை என்கிறார்கள். ரகசியம் அந்த வகையில் மிகவும் பத்திரமாக இருந்தது.

மகளுக்கு வீட்டில் வைத்த பெயர் வாலு. எட்டு வயதாகியும் எழுத்துக் கூட்டத் தெரியவில்லை. புத்தியில் ஒரு குறையும் இல்லை. பள்ளிக்கூடத்தில் இருந்த மூன்று டீச்சர்களும் ஆண்டு முழுக்க அளவீட்டுப் பணிக்குப் போய்விட்டார்கள். எத்தனை பிள்ளைகள் படிக்கவில்லை என்று எண்ணுகிற வேலை.

வாலுவுக்குப் படிக்க வேண்டும் என்ற வெறி வந்ததற்குக் காரணம் எதிர்வீட்டுப் பெண். அவளிடம் ஒரு பேய்க்கதைப் புத்தகம் இருந்தது. சத்தமாகப் படிப்பாள். பேய் கதவுக்குப் பின்னால் வந்து நிற்கும். புத்தகத்தை மூடிவிடுவாள்.

"அப்புறம்?"

"அப்புறம் உன் சிவப்பு ரிப்பனக் குடு."

வாலுவின் ரிப்பன்களும் ரப்பர்களும் ஒன்றுவிடாமல் எதிர்வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. பேய் இன்னும் கதவைத் திறந்தபாடில்லை.

"அப்பா, எனக்கு நானே படிக்கணும்" என்றாள். "அவகிட்ட இனிமே கெஞ்ச மாட்டேன்."

அந்த ஆண்டுதான் அவள் பள்ளிக்கூடத்தில் அளவீடு நடந்தது. மற்ற பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒரு கட்டத்தை நிரப்பி இரண்டு மூன்று மதிப்பெண் தேற்றினார்கள். வாலு தெரியாததைத் தெரிந்த மாதிரி காட்டுகிற பிள்ளை அல்ல. எல்லாவற்றையும் வெறுமையாக விட்டுவிட்டு, மடிந்த காலை நிமிர்த்தி வெளியே வந்தாள். பூஜ்யம்.

வாரியம் குதூகலித்தது. அரை நூற்றாண்டில் இப்படி ஒரு கலப்படமில்லாத பூஜ்யம் அவர்களுக்குக் கிடைத்ததே இல்லை. கோட்டை எங்கே ஊன்றி நிறுத்துவது என்று தவித்துக்கொண்டிருந்தவர்களுக்கு அடிக்கல் கிடைத்துவிட்டது. வாலு அன்றிலிருந்து அடிப்புள்ளி. நாட்டில் யார் எவ்வளவு வாசித்தாலும் வாலுவிலிருந்து எவ்வளவு உயரம் என்றுதான் கணக்கு.

லிஃப்ட்காரருக்கு இதெல்லாம் விளங்கவில்லை. வாலுவின் அம்மா ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் வேலை பார்ப்பவர், வாய்க்குப் பஞ்சமில்லாதவர்.

"தினம் அத்தனை பேரையும் மேல தூக்கிட்டுப் போறீங்க. நம்ம பொண்ண ஒரு படி தூக்கி விடுங்கன்னு கேக்க உங்களுக்கு வாய் வரலையா?"

வாய் வருவதற்குச் சந்தர்ப்பம் வந்தது. ஒருநாள் தலைவரும் மூன்று அதிகாரிகளும் ஏறிய நேரம் பார்த்து லிஃப்ட் எட்டு வயது மாடிக்கும் பன்னிரண்டு வயது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. மெக்கானிக் வரும்வரை ஒருவரும் எங்கும் ஓட முடியாது.

"ஐயா" என்று முக்காலியை விட்டு எழுந்தார் லிஃப்ட்காரர். "நம்ம பொண்ணுக்கு எழுத்துக் கூட்டத் தெரியலைங்க. இங்க இத்தனை பேர் வாசிப்பு வாசிப்புன்னு உக்காந்திருக்கீங்க. யாராச்சும் கொஞ்ச நாளைக்குச் சொல்லிக் குடுத்தா..."

பன்னிரண்டு மேடம் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டார். நாலு பேர் நடுவில் கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்ட முகம் அவருக்கு.

தலைவர்தான் பொறுமையாகப் பேசினார். "யாரு, அடிப்புள்ளியோட அப்பாவா நீங்க? என்ன கேக்கறீங்கன்னு தெரிஞ்சுதான் கேக்கறீங்களா? கோடே அவமேல நிக்குதுங்க. அவ ஒரு வார்த்தை படிச்சா அடி உயரும். அடி உயர்ந்தா, மேல நிக்கற அத்தனை பிள்ளைங்களும் தாழ்ந்து போவாங்க. ஒரு பொண்ணு படிச்சதால நாட்டோட வாசிப்பு விழுந்துதுன்னு நாளைக்குப் பேப்பர்ல வரும். அந்தப் பழி உங்க குடும்பத்துக்கு வேணுமா?"

"அப்போ எப்பதான்யா அவ படிக்கறது?"

"பன்னிரண்டு வரைக்கும் பொறுங்க" என்றார் எட்டு சார்.

"பன்னிரண்டுல எப்படி முடியும்?" என்றார் மேடம். "எட்டுல பூஜ்யமா இருந்தது பன்னிரண்டுல என்ன ஆச்சுன்னு நாங்க பாக்க வேணாமா? நடுவுல யாராச்சும் கை வச்சா என்னோட பிரிவே வீணாப் போயிரும்."

பதினாறு சார் லிஃப்ட்காரரின் தோளில் கை வைத்தார். "பதினாறு முடியட்டும்பா. அதுக்கப்புறம் அவ எங்களுக்குத் தேவைப்பட மாட்டா. தாராளமாப் படிச்சுக்கட்டும்."

அதை அவர் மிகுந்த பரிவோடுதான் சொன்னார். மெக்கானிக் வந்து எதையோ தட்டினார். லிஃப்ட் ஒரு குலுக்கு குலுக்கி, மேலே போவதற்குப் பதில் கீழே இறங்கியது.

"பாத்தீங்களா" என்றார் தலைவர். "இறங்கறதுதான் இயற்கை."

மறுவாரமே அடிப்புள்ளிப் பாதுகாப்புப் பிரிவு தொடங்கப்பட்டது. எழுத்துத் தடுப்பு ஆய்வாளர் ஒருவர் சாம்பல் நிறத் துணி மூட்டையோடு வீட்டுக்கு வந்தார். காலண்டரைக் கழற்றினார். மருந்து பாட்டில்களின் லேபிளைச் சுரண்டினார். பிறகு சமையலறைக்குள் போனார்.

"இது என்னம்மா?"

"உப்பு பாக்கெட்டு."

"எழுத்து இருக்கே."

"உப்புன்னுதானே போட்டிருக்கு."

"அதைத்தாம்மா சொல்றேன். உள்ள உப்பு இருக்கு, வெளிய உப்புன்னு எழுதியிருக்கு. ரெண்டையும் பொண்ணு பொருத்திப் பாத்துட்டா முடிஞ்சுது கதை."

"அப்ப ஒண்ணு செய்யுங்க. இவரு முகத்தையும் மூடிருங்க. உம்மணாமூஞ்சின்னு நெத்தியிலயே எழுதி ஒட்டியிருக்கு" என்று கணவனைக் காட்டினார் வாலுவின் அம்மா. ஆய்வாளர் உண்மையிலேயே கிட்டே வந்து நெற்றியைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

அடுத்தது தெரு. வாலு போகிற வழியில் இருந்த கடைப் பலகைகள் எல்லாவற்றுக்கும் துணி போர்த்தினார்கள். மருந்துக் கடை என்று சலூனுக்குள் நுழைந்த பெரியவர் ஒருவர் அதே காய்ச்சலோடு மொட்டையாக வீடு திரும்பினார். பஸ்ஸின் முன்பலகையைக் கழற்றிவிட்டதால் மாப்பிள்ளை வீட்டார் ஒரு கூட்டமாக ஏறிப் போய்ச் சிறைச்சாலை வாசலில் இறங்கினார்கள். காய்கறிக்காரர் கையில் மனைவி பெயரைப் பச்சை குத்தியிருந்தார். அதற்குக் கட்டுப் போட்டார்கள். திடீரென்று என் பெயரை ஏன் மறைக்கிறாய், யாரவள் என்று கேட்டு அந்த அம்மாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விட்டார். எதிர்வீட்டுக் குடும்பத்தையோ ஊர்க்கோடிக்கே மாற்றிவிட்டார்கள். பேய் கதவுக்குப் பின்னால் நின்றபடியே வண்டி ஏறிப் போனது.

பன்னிரண்டு வயதில் வாலு மறுபடி பூஜ்யம் வாங்கினாள். விழா எடுத்தார்கள். வெளிநாட்டு நிபுணர்கள் வந்து அவளை முன்னாலும் பின்னாலும் சுற்றிப் பார்த்தார்கள். "எங்க ஊர்ல இவ்வளவு சுத்தமா கிடைக்கறதில்ல" என்று ஒருவர் பெருமூச்சு விட்டதை மொழிபெயர்ப்பாளர் சொன்னார். தலைவர் உரையாற்றினார்.

"வாசிப்பு விழுந்துவிட்டது என்கிறார்கள். விழுந்ததுதான். இத்தனை துல்லியமாக விழுந்த நாடு வேறு எங்கே இருக்கிறது? வாசிப்பு உச்சியில் இருந்த அந்தக் காலத்தில் இந்த வாரியத்தில் ஒரு மேசை, ஒரு பியூன். இன்றைக்கு ஆறாயிரம் குடும்பங்கள் இந்த இறக்கத்தில் சோறு தின்கின்றன. பிள்ளைகள் எல்லாரும் நாளைக்கே வாசிக்கத் தொடங்கிவிட்டால் இவர்கள் எங்கே போவார்கள் என்று யாராவது நினைத்துப் பார்த்தீர்களா?"

நினைத்துப் பார்த்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அதற்கு அடுத்த மழைக்காலத்தில் தெருவில் சாக்கடைக்குக் குழி வெட்டி, பக்கத்தில் 'அபாயம்' என்று பலகை நட்டார்கள். பாதுகாப்புப் பிரிவு வந்து அதற்கும் துணி போர்த்தியது. குழி நிறைய மழைத் தண்ணீர். வாலு நடந்து வந்தாள், விழுந்தாள். இடது மணிக்கட்டு உடைந்து கோணலாகக் கூடியது. தலைவர் ஆஸ்பத்திரிக்கு ஒரு பூங்கொத்து அனுப்பினார். ஆண்டறிக்கையில் ஒரு பத்தி எழுதினார்: உயிர் போகிற நேரத்திலும் நம் அடிப்புள்ளி ஓர் எழுத்தைக்கூட நாடவில்லை.

கோணிய கையை மடியில் வைத்து நீவிவிட்டபடி லிஃப்ட்காரர் சொன்னார்: "இன்னும் கொஞ்ச வருஷம்தான் கண்ணு. பதினாறு முடிஞ்சதும் நானே உனக்குச் சொல்லித் தரேன்."

வாலு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

பதினாறும் வந்தது. மறுபடி பூஜ்யம். உலகத்தில் மகள் பூஜ்யம் வாங்கியதற்கு இனிப்புக் கொடுத்த அப்பா அவராகத்தான் இருக்க வேண்டும். லிஃப்டில் ஏறிய அத்தனை பேருக்கும் கொடுத்தார். விடுதலை அல்லவா.

இனிப்பை வாயில் போட்டபடியே பதினாறு சார், "தலைவர் உங்களைக் கூப்பிடறார்" என்றார்.

பத்தியை அச்சகத்துக்கு எடுத்துப் போகும் இரும்பு அறைக் காப்பாளர் மாடிப்படியில் தவறி விழுந்துவிட்டாராம். கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்தால் விழாமல் என்ன செய்வார். அவருக்கு முன்னால் இருந்தவரும் விழுந்தவர்தான். இனிமேல் கண் திறந்திருக்க வேண்டும், ஆனால் பத்தியைப் படித்துவிடவும் கூடாது. நாட்டில் அப்படி நம்பிக்கையான ஆள் ஒருத்திதான். நிரந்தர வேலை, குடியிருப்பு, ஓய்வூதியம். ஆயுள் முழுக்க எழுத்துப் பக்கம் போகக்கூடாது என்பது மட்டும் நிபந்தனை.

"பதினாறு முடிஞ்சா விட்டுருவோம்னு சொன்னீங்களேய்யா" என்றார் லிஃப்ட்காரர்.

"விட்டாச்சே" என்றார் பதினாறு சார். "இது கட்டாயம் இல்லப்பா. விருப்பம்."

வீட்டில் வாலுவின் அம்மா விவரம் முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "படிச்ச பசங்க இந்த வாரியத்துல பெஞ்சு துடைக்கற வேலைக்கு வரிசை கட்டி நிக்கறாங்க. இவளுக்கு வேலை வாசல் தேடி வருது. என் கையப் பாருங்க, சலவைச் சோடாத் தண்ணியில ஊறி ஊறித் தோல் இருக்கா? இவளும் அங்க வந்து நிக்கணுமா?"

"நான் போறேன்பா" என்றாள் வாலு.

நேர்முகத் தேர்வில், அவளுக்குப் படிக்கத் தெரியாது என்று நிரூபிக்க வேண்டும். மூன்று பிரிவும் கூடி யோசித்து ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். நாற்காலியில் உட்காரவைத்து அவள் முன்னால் ஓர் அட்டையைத் தூக்கிப் பிடித்தார்கள். பெரிய எழுத்தில் எழுதியிருந்தது: 'உன் நாற்காலிக்கு அடியில் பாம்பு இருக்கிறது.'

வாசலில் நின்ற லிஃப்ட்காரர் அதைப் படித்தார். அலறியடித்துக்கொண்டு உள்ளே பாய்ந்தவரை இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். பன்னிரண்டு மேடம், அட்டையைத் தயாரித்தவரே அவர்தான், காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டார். வாலு ஆடாமல் அசையாமல் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், சுவரில் இருக்கிற ஈரத்தைப் பார்ப்பதுபோல.

தலைவர் எழுந்து நின்று கைதட்டினார். அன்று மாலையே நியமன ஆணை கைக்கு வந்தது.

வாலுவின் அம்மாவுக்கு அன்று சலவைக் கூடத்தில் மாலை முறை வேலை. வீட்டில் அப்பாவும் மகளும்தான். லிஃப்ட்காரர் ஆணையைப் பிரித்துப் படித்துக் காட்டினார். பதவி, சம்பளம், குடியிருப்பு, சேர வேண்டிய நாள். கடைசி வரிக்கு வந்ததும் கண் அங்கேயே நின்றது. 'பணியாளர் எக்காலத்திலேனும் எழுத்தறிவு பெற்றதாகத் தெரியவந்தால் அவரும், வாரியத்தில் பணிபுரியும் அவரது குடும்பத்தாரும் உடனடியாக நீக்கப்படுவர்.' பெற்ற மகளுக்கு அதை வாய்விட்டுப் படித்துக் காட்ட அவருக்கு நாக்கு எழவில்லை. தாளை மடித்தார்.

"அவ்வளவுதான் கண்ணு."

"கடைசி வரிய விட்டுட்டீங்கப்பா" என்றாள் வாலு.

மடித்த தாளை அவர் மறுபடி மடித்தார்.

"உங்க வேலையும் போகும்னு போட்டிருக்கு."

"எப்பலருந்து?" என்றார்.

"கை உடைஞ்சதுக்கு அப்புறம். என்னதான் அப்படி மூடி வச்சிருக்காங்கன்னு அந்தக் குழிப் பலகைத் துணியத் தூக்கிப் பாத்தேன். அப்புறம் ஒவ்வொரு துணியாத் தூக்கினேன். கடைக்குள்ள என்ன இருக்கோ அதுதானே பலகையில இருக்கும்."

"அப்போ பாம்பு?"

"படிச்சேன்."

"பயமா இல்லையா கண்ணு?"

"இருந்துச்சு. குனிஞ்சு பாத்தா வேலை போயிருமே, அந்தப் பயம் அதைவிடப் பெருசா இருந்துச்சு."

லிஃப்ட்காரர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். ஜன்னலையும் சாத்தினார். திரும்பி வந்து, இத்தனை காலம் ஏற்றி இறக்கிய அத்தனை அதிகாரிகளுக்கும் தெரியாத ஒன்றை, அடக்க மாட்டாமல் மகளிடம் கேட்டார்.

"அந்தப் பத்தில என்னதான் எழுதியிருக்கு?"

"ஒண்ணும் இல்லப்பா. ஒரு ஆள் பஸ்ஸுக்கு நிக்கறான். பஸ் வரல. வீட்டுக்குப் போயிடறான்."

"கேள்வி?"

"பஸ் ஏன் வரலைன்னு கேட்டிருக்காங்க."

"ஏன் வரல?"

"அது அதுல போடலப்பா."

லிஃப்ட்காரர் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. மகள் வாசிக்க வேண்டும் என்று அதிகாரிகள் காலில் விழாத குறையாகக் கெஞ்சிய மனிதர் அவர். இப்போது வாசிக்கிற மகள் எதிரில் உட்கார்ந்திருக்கிறாள், அதை மறைக்க வேண்டியவரும் அவர்தான். பிறகு ஆணையை மறுபடி பிரித்து, ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, மகளுக்கு எதிரே முட்டி இடிக்க உட்கார்ந்து, தாளை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

"படி. சத்தம் போடாத, மனசுக்குள்ள."

அவள் படித்தாள். அவர் அவள் முகத்தையே பார்த்தார்.

"கண்ணு வரியோட ஓடுது. ஓடக்கூடாது. முழுசையும் ஒரே பார்வையில வாங்கு. மறுபடி."

அவள் மறுபடி படித்தாள்.

"இப்போ கண்ணு சரி. உதடு அசையுது. அதை முதல்ல நிறுத்து."